சங்கு யாருடையது?

வீட்டிலே ஒரு பழைய வீணை இருக்கிறது. வாசித்தவர் காலமாகிவிட்டார், அல்லது வாசித்த பெண் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். உறையின்மேல் தூசி படிந்துகொண்டே வருகிறது. விற்றுவிடலாம் என்று ஒருநாள் குடும்பத்தில் தீர்மானமாகிறது. யாரிடம் விற்பது என்று கேட்டதும் தகராறு ஆரம்பமாகிவிடும். வாத்தியக் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் குடத்தைத் தட்டிப் பார்ப்பார். மெட்டு தேய்ந்திருக்கிறது என்பார். நாம் மனத்தில் வைத்திருக்கும் தொகையில் பாதியைச் சொல்லுவார். ஆனால் பணத்தை அங்கேயே எண்ணி வைத்துவிடுவார். "அந்த அநியாயம் வேண்டாம், வேண்டியவர் யாராவது வருவார், நேரிலேயே கொடுப்போம்" என்று காத்திருந்தால் முழு விலையும் கிடைக்கலாம். ஒரு வருஷம் யாருமே வராமலும் போகலாம். ஹார்மோனியத்துக்கும் இதே கதைதான். இன்றைய பிள்ளைகள் வாங்கி, மூன்று மாதம் வாசித்து, மூலையில் சாத்திவிடும் கிதாருக்கும் இதே கதைதான்.

நமக்கு இது ஒரு மாலை நேரத்து விவாதம். ஆனால் இதே கேள்வியைச் சில நூற்றாண்டுகள் வயிற்றுப் பாட்டுக் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் நம் நாட்டில் உண்டு. இராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இராமேசுவரம் தீவிலும் வாழ்ந்த சங்கு குளிப்பவர்கள் அவர்கள். அவர்கள் கையில் இருந்ததும் ஒரு வாத்தியந்தான். நரம்பு இல்லை, துளை இல்லை, தோல் இல்லை. நுனியை அறுத்துவிட்டு வாயில் வைத்து ஊதினால் ஊர் கேட்கும். கோயிலில் சுவாமி புறப்படும்போதும் அது வேண்டும். வீட்டிலிருந்து மனிதன் கடைசியாகப் புறப்படும்போதும் அது வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், சங்கு என்பதே பழைய சாமான்தான். அதன் முதல் சொந்தக்காரன் நாமல்ல, ஒரு நத்தை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மணல் தரையில் புழுக்களைத் தின்று, மெல்ல ஊர்ந்து, வருஷக் கணக்கில் அந்த வீட்டைக் கட்டிக்கொள்கிறது அது. பிறகு மனிதன் மூழ்கி எடுக்கிறான். சதை அழுகி வெளியேறிய பின் ஓடு கிடைக்கிறது. சொந்தக்காரனைக் கேட்காமல் வாங்கிய வீட்டுக்கு விலை பேசுவதிலே மனிதர்களுக்குள் எத்தனை சண்டை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வாங்குகிறவன் யார் என்று பார்த்துவிட வேண்டும். ஊதுவதற்காக மட்டும் சங்கு விற்றிருந்தால் வருஷத்துக்கு நூறு சங்கு விற்பதே கஷ்டம். ஆயிரம் ஆயிரமாகச் சங்கை விழுங்கியது வங்காளம். அங்கே சுமங்கலியின் கையில் சங்கு வளை இருக்க வேண்டும். நம் பெண்களுக்குத் தாலி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. டாக்காவில் சங்கு அறுப்பவர்களுக்கென்று ஒரு தெருவே உண்டு. சாங்காரி பஜார் என்று பெயர். பிறைச் சந்திரனைப்போல் வளைந்த கனமான இரும்பு வாளைக் கையால் இழுத்து இழுத்துச் சங்கை வளையம் வளையமாக அறுப்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சு வியாபாரி தவேர்னியே இந்தத் தொழிலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

இந்தத் தொழில் வங்காளத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஒரு காலத்தில் நம் பெண்களும் சங்கு வளை அணிந்தார்கள். அகநானூற்றில் ஒரு பாட்டு, வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் வாளால் சங்கை அறுத்து வளை எடுப்பதைச் சொல்கிறது. கொற்கையிலும் காயலிலும் சங்கு அறுத்த கழிவுத் துண்டுகள் மண்ணுக்கடியில் கிடைத்தன. நம் பெண்கள் கண்ணாடிக்கும் பொன்னுக்கும் மாறிவிட்டார்கள். வங்காளத்துப் பெண்கள் மாறவில்லை. அதனால் குளிப்பவன் தெற்கே, அணிபவள் வடக்கே என்று ஆகிவிட்டது. நடுவில் ஆயிரம் மைல் கடல்.

நடுவில் ஆயிரம் மைல் இருந்தால் நடுவில் ஆட்களும் இருப்பார்கள் அல்லவா? கீழக்கரை மரைக்காயர்கள் கப்பல் வைத்திருந்தார்கள்; வங்காளத்துத் துறைமுகங்களில் அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. செத்தும் கொடுத்தவர் என்று புலவர்கள் கொண்டாடும் சீதக்காதி அந்த ஊர்க்காரர். கிழவன் சேதுபதியின் காலத்தவர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர். வள்ளலின் கொடை நமக்குத் தெரியும். அந்தக் கொடைக்குப் பின்னால் கடல் வாணிபம் இருந்தது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

கடலோரம் சேதுபதிகளுடையது. கரையை ஆண்டவர்கள் கரைக்கு எதிரே கிடந்த சங்குப் படுகையையும் ஆண்டார்கள். 1658-இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் சங்கின் லாபத்தை உடனே கண்டுகொண்டார்கள். சேதுபதிகளோடு ஒப்பந்தங்கள் செய்துகொண்டார்கள். தூத்துக்குடியிலிருந்த டச்சுக்காரரும் கீழக்கரையிலிருந்த மரைக்காயர்களும் ஒரே சரக்குக்குப் போட்டியிட்ட காலம் அது. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1803-இல் இராமநாதபுரம் ஜமீனாக ஆயிற்று. ஆட்சி போனாலும் ஜமீனுக்குச் சங்கு உரிமை போகவில்லை. படுகையைக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகை எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, அந்தப் படுகையில் எடுக்கும் சங்கெல்லாம் தம்முடையது என்பார்.

இனி, மூழ்குகிறவனைக் கவனிப்போம். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குகிறான். காது அடைக்கிறது, மார்பு இறுகுகிறது. மணலில் சங்கு ஊர்ந்து போன தடத்தைக் கண்டு துழாவுகிறான். இரண்டோ மூன்றோ பையில் விழுந்தால் மேலே வருகிறான். ஒரு நாள் முழுக்க இப்படி. சாயங்காலம் கரைக்கு வந்ததும் கிட்டங்கிக்குப் போக வேண்டும். அங்கே சங்கை எண்ணுவார்கள்; சிறியதைக் கழிப்பார்கள்; புழு அரித்ததைத் தள்ளுவார்கள். தேறியவற்றுக்கு ஏற்கெனவே நிர்ணயித்த விலை. அந்த விலையை நிர்ணயித்தவர் யார்? வாங்குகிறவர். ஒருவேளை அவனுடைய சென்ற மாதத்து அரிசிக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரேதான். கடைக்காரர் பாதி விலை சொன்னால் வீணையை மீண்டும் உறைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வர நம்மால் முடியும். இவன் சங்கை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் அதற்குப் பெயர் வேறு.

அந்தப் பெயரை நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ஹைகோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. பாக் நீரிணையில், கரையிலிருந்து மூன்று மைல் எல்லைக்கும் அப்பால், ஜமீன் குத்தகைக்கு விட்டிருந்த படுகையில் சிலர் அநுமதி இல்லாமல் சங்கு எடுத்துவிட்டார்கள். இது திருட்டா என்பது கேள்வி. கடலில் திரியும் மீன் யாருக்கும் சொந்தமில்லை. பிடித்தவனுக்கே சொந்தம் என்பது பொதுவான சட்டம். ஆனால் சங்கு, மீனைப்போல் ஓடி மறைவதில்லை, கிடந்த இடத்தில் கிடக்கிறது, அந்தப் படுகை நெடுங்காலமாக இராமநாதபுரத்தின் அநுபோகத்தில் இருந்து வருகிறது என்று நீதிமன்றம் கண்டது. ஆகவே எடுத்தது திருட்டு. 1904-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதியில் அச்சாகியிருக்கும் அந்தத் தீர்ப்பைச் சர்வதேச சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். கரைக்கு அப்பாலுள்ள கடலும் ஒரு நாட்டின் உடைமையாக இருக்கலாம் என்பதற்கு அது ஒரு சாட்சி. தேசங்களின் எல்லைக்கு ஆதாரமாக நின்றது, நாலு ஏழைகள் மூழ்கி எடுத்த சங்கு!

தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். கதை எழுதுகிறவனுக்கு வேறொரு கேள்வி எழுகிறது. கடலடியில் கிடந்தவரை அது ஒரு நத்தையின் ஓடு. யாரோ ஒருவன் தன் மூச்சைப் பணயம் வைத்து மேலே கொண்டுவந்த பிறகுதான் அதற்கு விலை. அந்த மூச்சு யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது?

இந்தக் கேள்விக்கு அதே கடலில் வேறு விதமாகப் பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். முத்துக் குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு என்றும், சுறாமீனை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் எழுதுகிறார். ஆட்சிகள் மாறமாறக் கணக்கும் மாறிற்று. ஆனால் பங்கு என்ற முறை மாறவில்லை. மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் 1905-இல் நடந்த முத்துக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. கீழக்கரையார் அங்கேயும் போய் அரபிகளுக்குச் சமமாக மூழ்கினார்கள். அடுத்த வருஷம் அங்கே காவல் பார்த்த உத்தியோகஸ்தர்களில் ஒருவர் லெனர்ட் உல்ஃப். பின்னாளில் நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃபின் கணவரானவர் இவரே. அந்த நாட்களின் ஞாபகங்களை அவர் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அங்கே நடந்த விற்பனைதான் நமக்கு முக்கியம். சர்க்காரின் பங்கை இரவில் ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். பெரிய வியாபாரிகள் எடுப்பார்கள். குளித்தவனோ தன் பங்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு கொட்டுக்கு வெளியே வருவான். வெளியே வாசலிலேயே ஒரு சந்தை நின்றுகொண்டிருக்கும். பத்துச் சிப்பி, இருபது சிப்பி என்று அதிர்ஷ்டத்தை நம்பி வாங்குவதற்கு ஏழைகளும் சில்லறை வியாபாரிகளும் காத்திருப்பார்கள். முத்து இருக்கிறதோ இல்லையோ, திறந்து பார்த்தால்தான் தெரியும். அந்த ஆசைக்கு ஒரு விலை இருந்தது. மூழ்கியவன் அன்றைக்கே காசோடு தன் குடிசைக்குப் போனான். மொத்த வியாபாரிக்குக் கொடுக்கலாம், சில்லறையாகவும் கொடுக்கலாம். அவன் முன்னால் இரண்டு வாசல்கள் இருந்தன.

சங்கு குளிப்பவனுக்கோ ஒரே வாசல். ஒரே வாசல் உள்ள வீட்டில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்; சுவரேறிக் குதிப்பார்கள். மடியில் ஒளித்து, மணலில் புதைத்து, இரவில் வேறு வியாபாரிக்குக் கொடுத்துச் சங்கு கைமாறியது. கள்ள வியாபாரி நிர்ணய விலைக்கு மேலே கொடுத்தான். ஆனால் அவனும் முழு விலை கொடுக்கவில்லை. "இதை நீ வேறு எங்கே கொண்டுபோவாய்?" என்று கேட்கும் வசதி அவனுக்கும் இருந்தது. பயந்து விற்கிறவனுக்குப் பயத்துக்கும் சேர்த்துத்தான் கழிவு.

இந்த ஒளிப்பெல்லாம் உச்சத்துக்குப் போவது வலம்புரி கிடைக்கும் நாளில். சாதாரணச் சங்கின் சுழி ஒரு பக்கம். வலம்புரியின் சுழி அதற்கு எதிர்ப் பக்கம். வேடிக்கை என்னவென்றால், நாம் வலம் என்பதை விஞ்ஞானிகள் இடம் என்கிறார்கள். நாம் சங்கின் நீண்ட மூக்கு மேலே இருக்கும்படி பிடித்துப் பார்க்கிறோம். அவர்கள் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறார்கள். எப்படிப் பிடித்தாலும் விலை ஒன்றுதான். லட்சக் கணக்கான சங்குக்கு ஒன்று கிடைத்தால் அதிகம் என்பார்கள். பூஜையில் வைக்க மகாராஜாக்கள் தேடிய பொருள் அது. அதைக் கண்டெடுத்தவன் கிட்டங்கியில் கொடுத்தால் ஒரு சன்மானம் கிடைக்கும். வெளியே கொடுத்தால் ஒரு வீடு கட்டலாம். பிடிபட்டால் சிறைக்கும் போகலாம். அந்த ஒரு கணத்தில், தண்ணீருக்குமேல் தலையைத் தூக்கியபடி, கையிலிருப்பது என்னவென்று விரலால் தடவி உணர்ந்த மனிதனின் மனம் எப்படி அடித்துக்கொண்டிருக்கும்! சங்கு வரலாற்றில் எந்தத் தஸ்தாவேஜிலும் எழுதப்படாத பக்கம் அது.

கடைக்காரர்கள் எல்லோரும் கொள்ளைக்காரர்கள் என்று முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது. குத்தகைக்காரருக்கும் ஒரு நியாயம் உண்டு. சங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர் ஜமீனுக்குப் பணம் கட்டியாக வேண்டும். கடல் கலங்கினால் வாரக் கணக்கில் வேலை இல்லை. குவித்த சங்கைச் சதை போக வைத்து, கழுவி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பி, அங்கே விலை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பழைய வாத்தியக் கடைக்காரர் பாதி விலை சொல்வதற்கும் காரணம் இதுதான். ரிப்பேர் செலவு அவருடையது; இடவாடகை அவருடையது; வாங்குகிறவன் வரும்வரை காத்திருப்பதும் அவருடையது. நாம் விற்பது வீணையை மட்டுமல்ல, காத்திருக்கும் தொல்லையையும் சேர்த்து விற்கிறோம். அதற்குக் கூலி எடுத்துக்கொள்கிறார். கூலி எவ்வளவு என்பதுதான் வழக்கு.

நேரில் விற்பதிலும் வாங்குவதிலும் வேறு அபாயங்கள் இருக்கின்றன. இராமேசுவரம் போகிறவர்களில் பலர் கோயில் தெருவில் சங்கு வாங்காமல் திரும்புவதில்லை. அங்கேயோ, வேறெங்கேயோ யாராவது இரகசியமாக அழைத்துப்போய், "கடைக்குப் போகாத சரக்கு, உங்களுக்காக" என்று ஒரு வலம்புரியைக் காட்டினால் எச்சரிக்கையாக இருங்கள். அமெரிக்கக் கடலில் ஒருவகைச் சங்கு உண்டு. அந்த ஜாதியில் பிறப்பதெல்லாம் எதிர்ச் சுழிதான். அங்கே அது அபூர்வமே இல்லை. கப்பலேறி இங்கே வந்ததும் வலம்புரி ஆகிவிடுகிறது! வாய்க்குள்ளே நடுத்தண்டைப் பாருங்கள். நம் சங்கில் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாக இருக்கும், அதில் இராது. நல்ல கடைக்காரர் ஒருவரின் பெயருக்கு இந்த இடத்தில்தான் மதிப்பு. நாளைக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் இன்றைக்குக் கொஞ்சம் யோசித்துத்தான் பொய் சொல்லுவார்.

இருபதாம் நூற்றாண்டில் சர்க்காரே கடைக்காரர் ஆயிற்று. இங்கிலாந்திலிருந்து முத்துச் சிப்பி ஆராய்ச்சிக்காக இலங்கைக்கு வந்து, பிறகு சென்னை மாகாண மீன் இலாகாவில் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். கொற்கையின் சங்குத் துண்டுகளிலிருந்து வங்காளத்து வாள்வரை அதில் எல்லாம் உண்டு. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பின் இராமநாதபுரத்துச் சங்கு உரிமையும் சர்க்காரைச் சேர்ந்தது. கிட்டங்கியின் பெயர்ப் பலகை மாறிற்று. முறை அதிகம் மாறவில்லை. எடுத்ததையெல்லாம் இலாகாவிடம் கொடுக்க வேண்டும். விலை இலாகா சொல்வது. ஒரு நன்மையைச் சொல்லியாக வேண்டும். வட்டத் துளை வெட்டிய ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். அதற்குள் நுழைந்து விழும் சிறிய சங்கைத் திரும்பக் கடலில் விட்டார்கள். ஆளுக்கு ஆள் விற்றிருந்தால் அந்தக் குஞ்சுகளுக்காகப் பரிந்து பேச யார் இருந்திருப்பார்கள்? சங்கு நாளைக்கும் வேண்டும் என்று நினைப்பதற்கு ஒரு பொதுக் கடை தேவையாயிருந்தது. அங்கிருந்து சங்கு மேற்கு வங்கத்துக்குப் போயிற்று. தேசப் பிரிவினையில் டாக்காவை விட்டு ஓடிவந்த சங்குத் தொழிலாளர்களும் அங்கே இருந்தார்கள். எங்கோ ஓர் அகதிப் பெண்ணின் கை வளை, கீழக்கரை மனிதன் ஒருவனின் மூச்சிலிருந்து புறப்பட்டது.

அந்த ஒற்றைக் கிட்டங்கி முறை பிறகு போய்விட்டது. இன்று தனி வியாபாரிகள் வாங்குகிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அமைந்ததால், மூழ்கும் இடமும் சுருங்கிவிட்டது. வாசல்கள் அதிகமாகியிருக்கின்றன, ஆனால் முன்பணம் என்ற கயிறு அறுந்துவிடவில்லை. முன்பணம் வாங்கியவனுக்குப் பத்து வாசல் இருந்தாலும் ஒன்றுதான் திறக்கும்.

இத்தனை நூற்றாண்டுக் கதையிலிருந்து ஒன்று தெரிகிறது. கடையில் விற்பது நல்லதா, நேரில் விற்பது நல்லதா என்று கேட்பதற்கு முன், விற்கிறவனுக்கு இரண்டும் முடியுமா என்று கேட்க வேண்டும். முடியும் என்றால் கடைக்காரர் சொல்லும் விலைகூட மரியாதையான விலையாகிவிடும். நாம் எழுந்து போய்விடுவோம் என்று அவருக்குத் தெரியும். முடியாது என்றால் கள்ளச் சந்தையிலும் அநியாய விலைதான். நமக்குப் போக இடமில்லை என்று அவனுக்கும் தெரியும். பொருளின் விலையைப் பாதி பொருள் நிர்ணயிக்கிறது. மறுபாதியை, விற்கிறவன் நாளை வரை பொறுத்திருக்க முடியுமா என்பது நிர்ணயிக்கிறது.

ஆகையால், வீட்டிலுள்ள வீணையை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தகராறு வரும்போது சந்தோஷப்படுங்கள். தகராறு செய்ய முடிகிறது என்பதே ஒரு செல்வம். அந்தச் செல்வம் இல்லாமல் எத்தனையோ தலைமுறைகள் கடலில் இறங்கி ஏறியிருக்கின்றன. கோயிலில் சங்கு ஊதும்போது நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். ஊதுகிறவரின் மூச்சு நமக்குக் கேட்கிறது. அதற்கு முன்னால் அடக்கிய மூச்சு ஒன்று உண்டு. அது யாருக்கும் கேட்பதில்லை.